மழைக்கு முன் ஒருமுறை, போகிக்கு முன் ஒருமுறை: பீரோவை ஒழிப்பதும் துணிகளைக் கொடுப்பதும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான்கு பேர் கொண்ட குடும்பம், இரண்டு பீரோக்களும் ஒரு சுவர் அலமாரியும் மூட முடியாத அளவுக்கு நிரம்பிவிட்டன, பருவத்துக்கு ஒருமுறை உடைகளை ஒழித்து வேண்டாதவற்றைத் தானம் செய்யுங்கள் என்று எங்கும் சொல்லப்படும் யோசனை நம் ஊருக்குப் பொருந்துமா, பொருந்துமென்றால் எப்போது, எப்படி, யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து துணிகளைச் சேர்த்து, வகை பிரித்து, தேவைப்படுகிறவர்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையில் நீண்ட காலமாக இருந்து வருவதால், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில், பொருந்தும் என்பதுதான். ஆனால் எப்போது ஒழிப்பது என்பதை நம் கடற்கரையின் மழைக்கும் பண்டிகைக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். கொடுக்கப்போகும் துணியை, அதை வாங்கிக்கொள்ளப் போகிறவரின் கண்ணால் முதலில் பார்த்துவிட வேண்டும்.

பருவத்துக்கு ஒருமுறை ஒழிக்கும் வழக்கம் குளிர் நாடுகளில் தோன்றியது. அங்கே கம்பளிக் கோட்டு உள்ளே போகும்போது பருத்திச் சட்டை வெளியே வருகிறது. ஆண்டில் இரண்டு முறை எல்லாத் துணியும் கைபட்டுப் போவதால் வேண்டாதது தானாகவே கண்ணில் பட்டுவிடுகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் சித்திரையில் உடுத்துகிற பருத்திச் சேலையைத்தான் மார்கழியிலும் உடுத்துகிறோம். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது எடுக்கும் இரண்டு ஸ்வெட்டரைத் தவிர, பருவம் மாறுவதால் அலமாரியில் மாறுவது எதுவும் இல்லை. மாறுவது காற்று. நம் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் துணி காய்வதே பெரிய பாடு. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்னும்போது, நெருக்கி அடுக்கிய பீரோவுக்குள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே நமக்கு முதல் தவணை புரட்டாசி. இதற்கு மழை மட்டும் காரணமில்லை. நம் வீடுகளுக்குள் புதுத்துணி இரண்டு வாசல் வழியாக நுழைகிறது: ஒன்று ஆடித் தள்ளுபடி, மற்றொன்று தீபாவளி. நேரு வீதியிலும் காந்தி வீதியிலும், கடலூரில் லாரன்ஸ் ரோட்டிலும் அந்த மாதங்களில் கூட்டம் நெரிவதைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். ஆடியில் வாங்கியது அடுக்கில் ஏறியபின், தீபாவளிக்கு எடுக்கும் முன், இடையில் கிடைக்கிற வெயிலைப் பயன்படுத்தி ஒழித்தால், துவைத்த துணி முறையாகக் காயும். கொடுக்கிற துணி தீபாவளிக்கு முன்பே உரியவர் கைக்குப் போய்ச் சேரும். இடம் விட்டு அடுக்கிய பீரோவில் மழைக்காலத்தில் பூஞ்சணமும் குறையும். இரண்டாம் தவணை மார்கழியின் கடைசி வாரம். மழையில் நனைந்து, சரியாகக் காயாமல், கரும்புள்ளி விழுந்து போனவை அப்போதுதான் தெரியவரும். போகிக்கு எப்படியும் வீட்டை ஒழிக்கப் போகிறோம். இவை இரண்டும் போக, பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் மே மாதத்தில் ஒரு சிறு தவணை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒழிக்கும்போது பலரும் செய்வது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, மதியத்துக்குள் களைத்துப்போய், மாலையில் அப்படியே உள்ளே திணித்து வைப்பதாகும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். தட்டைக் காலி செய்து, உலர்ந்த துணியால் துடைத்து, கதவைத் திறந்து வைத்து, பிற்பகல் வரை காற்றாட விடுங்கள். சுவர் அலமாரி வெளிச்சுவரில் இருந்தால் பின்பக்கத்தில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் அந்தத் தட்டில் துணியே வைக்க வேண்டாம், பாத்திரமோ பிளாஸ்டிக் டப்பாவோ வைத்துக்கொள்ளலாம். எடுத்த துணிகளை நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும்: உடுத்துவது, தைத்துச் சரி செய்தால் உடுத்தக்கூடியது, கொடுப்பது, கந்தல். இரண்டாவது குவியலில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கும். பட்டன் தைக்கவும் பேண்ட்டின் இடுப்பைப் பிரித்து விடவும் எடுத்து வைத்தவை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அவற்றை அந்த வாரமே தையற்கடையில் கொடுங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் அந்த உடை உங்களுக்குத் தேவையில்லை என்றே பொருள்.

எது உடுத்தப்படுகிறது, எது உடுத்தப்படவில்லை என்பதை நினைவை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லா ஹேங்கரையும் திருப்பி மாட்டிவிட்டு, உடுத்தியதை மட்டும் நேராக மாட்டிவரும் முறை ஒன்று உண்டு; ஆனால் நம் வீட்டில் பெரும்பாலான துணி மடித்து அடுக்கப்படுவதால் அது உதவாது. துவைத்து இஸ்திரி போட்டு வருவதை எப்போதும் அடுக்கின் மேலேயே வையுங்கள், நடுவில் செருகாதீர்கள். ஓராண்டு கழித்து அடியில் தங்கிவிட்டவையே நீங்கள் தொடாதவை. முகூர்த்தத்துக்கு மட்டும் எடுக்கிற பட்டுக்கும், வேட்டி அங்கவஸ்திரத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அன்றாடம் உடுத்துகிற நைட்டி, சுடிதார், டீ-சர்ட், கைலி, பருத்திச் சேலை ஆகியவற்றுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

எல்லா வீட்டு அலமாரியிலும் யாரும் கணக்கில் எடுக்காத ஒரு குவியல் உண்டு. அது ரவிக்கைத் துணி. வளைகாப்பிலும் கிரகப்பிரவேசத்திலும் நவராத்திரி கொலுவிலும் தாம்பூலத்தோடு வாங்கியது, அடுத்த வீட்டுக்கு வைத்துக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தது, அவர்கள் வேறொருவருக்கு வைத்துக் கொடுத்தது என்று ஒரே துணி பல வீடுகளைச் சுற்றி வருகிறது. நிறம் போகாத, நல்ல பருத்தித் துணியாக இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். சேலை கொடுக்கும்போது அது பெரிய உதவியாக இருக்கும். ஏனென்றால் சேலையை மட்டும் கொடுத்தால் அது பாதி உடைதான். உங்கள் அளவுக்குத் தைத்த ரவிக்கை மற்றவருக்குப் பொருந்துவது அரிது. உட்பாவாடையை யாரும் சேர்த்துக் கொடுப்பதே இல்லை. வாங்கிப்போகும் பெண் ரவிக்கைக்குத் துணி எடுக்கவும் பாவாடை வாங்கவும் தனியே செலவு செய்ய வேண்டியிருப்பதால், நல்ல சேலைகூட மடிப்புக் கலையாமல் கிடந்துவிடுகிறது. நான் சேலைகளைக் கட்டும்போது, நிறம் பார்த்து ஒரு ரவிக்கைத் துணியையும், முடிந்தால் ஒரு புது உட்பாவாடையையும் மடிப்புக்குள் வைத்து அனுப்புகிறேன். மட்டமான, விறைத்த ரவிக்கைத் துணிகளைத் தையல் பழகும் பெண்கள் இருக்கும் இடங்களில் கொடுத்தால் வெட்டிப் பழகுவதற்கு மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள்.

இனி, கொடுக்கத் தகுந்தது எது என்ற கேள்வி. ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதலில் கழுத்துப்பட்டியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே அழுக்கு வரி ஏறி நைந்திருந்தால் அது கொடுக்கும் குவியலுக்குப் போகக்கூடாது. அக்குளில் மஞ்சள் படிந்திருக்கிறதா, பட்டன் எல்லாம் இருக்கிறதா, கையின் முனை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேண்ட் என்றால் ஜிப்பை இருமுறை ஏற்றி இறக்குங்கள், உள்தொடையில் துணி மெலிந்திருக்கிறதா என்று விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் கால்சட்டையில் எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். திரும்பிச் சுருங்காவிட்டால் புது எலாஸ்டிக் கோத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. சுடிதார் என்றால் டாப்ஸ், பேண்ட், துப்பட்டா மூன்றையும் சேர்த்து ஊக்கு குத்துங்கள். பிறகு துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து, ஆண், பெண், சிறுவர் என்று பிரித்து, பையின் மேல் அளவையும் வயதையும் எழுதுங்கள். "பெண் குழந்தை, 6 முதல் 8 வயது" என்று எழுதிய ஒரு சிறு பை, பிரித்துப் பார்க்க வேண்டிய பெரிய மூட்டையைவிட விரைவாக உரியவரிடம் சேரும். பயன்படுத்திய உள்ளாடைகளையும் காலுறைகளையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். கொடுக்க விரும்பினால் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

அந்துருண்டை பற்றி இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் பீரோக்களில் போடும் அந்துருண்டை பெரும்பாலும் நாஃப்தலீன். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் போர்த்தினாலே சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. குழந்தைத் துணியை அந்துருண்டை இல்லாத இடத்தில்தான் வைக்க வேண்டும். வாடை ஏறியிருந்தால் நன்றாகத் துவைத்து, வாடை முற்றிலும் போகும்வரை வெயிலில் போட்ட பிறகே கொடுக்க வேண்டும், ஐயம் இருந்தால் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம். பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் உண்டு. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கத்து மணல் நிலங்களில் விளைகிற வெட்டிவேரும் நமக்கு எளிதில் கிடைக்கிறது. ஒரு பிடி வேரைத் துணியில் முடிந்து தட்டில் வைத்தால் வாசனையாகவும் இருக்கும். இராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடித்தான் வரும் என்பதால், நெடுநாள் உள்ளே இருக்கப்போகும் பருத்திச் சேலையைக் கஞ்சி போடாமல் அலசி வைப்பதே எந்த உருண்டையையும்விட நல்ல பாதுகாப்பு.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். ஆதரவற்றோர் இல்லம் என்ற ஒரே விடைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. எங்கள் கடலூர் மாவட்டத்தில் பழைய உடைக்கு உண்மையான, அன்றாடத் தேவை வயலிலும் பட்டறையிலும் இருக்கிறது. நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சோகையின், அதாவது கரும்பு இலையின், விளிம்பு கையைக் கிழிக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களுக்கு ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து கருத்துப்போகும். களையெடுக்கவும் நடவுக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வதை நெடுஞ்சாலையில் போகும்போதே பார்க்கலாம். நான் மடித்து வைத்த சுடிதார்களை எடுத்துக்கொண்டு ஒருமுறை நெல்லிக்குப்பம் அருகே போனபோது, வயலிலிருந்து கரையேறிய ஒரு பெண் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அக்கா, புள்ளைங்களுக்கு ஆவும். எங்களுக்குன்னா ஐயா போடுற ஃபுல் கை சட்டை இருந்தா கொண்டாங்க, கலர் போனாக்கூட பரவால்ல, துணி கெட்டியா இருக்கணும்" என்றார். அலுவலகம் போய் ஓய்வு பெற்ற ஆண்கள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படிப்பட்ட சட்டைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நிறம் மங்கியதால் இல்லத்துக்குக் கொடுக்கக் கூசுகிற அந்தச் சட்டைதான் அந்தப் பெண்ணுக்குக் கவசம். உங்கள் வீட்டுக்குக் காய்கறியோ பாலோ கொண்டுவருகிறவர்களிடம், அவர்கள் ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

பழைய எட்டு முழ வேட்டியும், துவைத்துத் துவைத்து மென்மையாகிவிட்ட பருத்திச் சேலையும் இன்னொரு வகை. பிறந்த குழந்தைக்கு விரிக்கவும் தூளி கட்டவும் நம் பாட்டிமார் தேடியது இந்த மென்மையைத்தான். இன்று அதைத் தேடுகிறவர்கள் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களைப் பராமரிப்பவர்கள். முதியோர் இல்லங்களில் தினமும் பல முறை விரிப்பு மாற்ற வேண்டியிருப்பதால், கிழிசலில்லாத பழைய வேட்டிகளையும் படுக்கை விரிப்புகளையும் துவைத்துக் கொண்டுபோனால் மனமாரப் பெற்றுக்கொள்வார்கள். குழந்தைகள் இல்லமோ முதியோர் இல்லமோ, போவதற்கு முன் தொலைபேசியில் கேட்பது மிக அவசியம். பல இல்லங்களில் சேலையும் சுடிதாரும் வைக்க இடமில்லாமல் நிறைந்திருக்கும். துண்டு, கைலி, நைட்டி, புது உள்ளாடை, கொசுவலை ஆகியவை போதாமல் இருக்கும். வளரிளம் பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு, உங்கள் பிள்ளை போட்டுக்கொண்டு வெளியே போகத் தயங்குகிற உடையை அனுப்பாதீர்கள். அந்த வயதில் உடை எவ்வளவு பெரிய விஷயம் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும்.

நம் கடற்கரைக்கு உதவி வந்த நாட்களிலேயே இதற்கான கசப்பான பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி தமிழகக் கடலோரத்துக்கு வந்தது. அதில் பெரும்பகுதி சாலையோரத்தில் குவிந்து, மண்ணில் புரண்டு கிடந்தது. கடலை நம்பி உழைத்து வாழ்ந்தவர்கள், முகம் தெரியாதவர்களின் கிழிந்த துணியைக் குனிந்து பொறுக்க மறுத்தார்கள். மறுத்தது நியாயம் என்றே நான் கருதுகிறேன். 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு, அப்படித் தேங்கிய துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியில் ஈடுபட்டது. உடுத்த முடியாத பருத்தித் துணியைக்கூடச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணிகளாக மாற்றும் வேலையை அந்த அமைப்பு செய்துவருகிறது. அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோதும், 2015 நவம்பர் வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியபோதும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோதும், மாற்றுத்துணி இல்லாமல் நின்றவர்களுக்குத் தேவைப்பட்டது புது உள்ளாடை, நைட்டி, கைலி, துண்டு, போர்வை, பாய். புயல் வந்த மறுநாள் பீரோவைக் காலி செய்து கொடுப்பது பெரும்பாலும் நிவாரண வேலை செய்கிறவர்களுக்குச் சுமையாகவே முடியும். புரட்டாசியிலேயே ஒழித்துவிட்டு, மழைக்காலத்துக்கென்று இரண்டு புதுப் போர்வையும் நான்கு துண்டும் வாங்கி எடுத்து வைப்பது எவ்வளவோ மேல்.

போகியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தெருவில் பழைய துணிகளைக் கொளுத்துகிறார்கள் என்றும், தடுத்தால் சம்பிரதாயம் என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். முன்பு கொளுத்தியது பழைய பாயும் துடைப்பமும் ஓலையும் கந்தலான பருத்தியும். இன்றைய துணியில் பெரும்பகுதி பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக் இழை. அது உருகிச் சொட்டி, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகையை விடுகிறது. கூடவே ரெக்சின் பையையும் செருப்பையும் போட்டால் அதில் உள்ள பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்சின் போன்ற நச்சுகளும் வெளிப்படும். மார்கழிக் காலையில் பனி தரையோடு படிந்திருப்பதால் புகை மேலே போகாமல் அங்கேயே தங்குகிறது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. உங்கள் தெருக்காரர்களிடம் வாதம் செய்வதைவிட, போகிக்கு ஒரு வாரம் முன்பே, "துணி இருந்தால் என்னிடம் கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்" என்று நான்கு வீட்டில் சொல்லிப் பாருங்கள். கொளுத்துகிறவர்களில் பலருக்கும் துணியை எரிக்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. அதை எடுத்துப்போக ஆள் இல்லை என்பதுதான் அவர்கள் நிலை.

கந்தல் குவியலுக்கு வருவோம். பருத்தி பனியன், கைலி, பழைய துண்டு, பருத்தி நைட்டி ஆகியவற்றின் பட்டனையும் ஜிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, அரை முழத் துண்டுகளாகக் கிழித்து வைத்தால் அருகிலுள்ள மெக்கானிக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். எண்ணெயை உறிஞ்சுவதால் அவர்கள் காசு கொடுத்து வாங்குகிற பொருள் அது. பாலியெஸ்டர் உறிஞ்சாது என்பதால் அவர்களுக்கு வேண்டாம். 2023 மே மாதத்தில் ஒன்றிய நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் தூய்மை இயக்கத்தின்போது, பழைய துணி, புத்தகம், பொம்மை, காலணி ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ள ஆர்.ஆர்.ஆர். (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி) மையங்களை அமைக்கும்படி உள்ளாட்சிகளுக்குச் சொல்லப்பட்டது. உங்கள் பகுதியில் அப்படி ஒரு மையம் இப்போது இயங்குகிறதா என்று நகராட்சி அலுவலகத்திலோ, குப்பை எடுக்க வருகிறவரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். எதுவும் இல்லையென்றால் உலர் குப்பையாகப் பிரித்து, நனையாமல் கட்டிக் கொடுங்கள். ஈரமான துணி மற்ற உலர் குப்பையையும் கெடுத்துவிடும்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற வியாபாரியிடம் போடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. தாராளமாகப் போடலாம். அவர் பேண்ட்டையும் சேலையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து எடுப்பது, அதைத் துவைத்துத் தைத்து மறுபடி விற்கத்தான். அவர் எடுத்துப்போன துணி யாராவது ஒருவர் விலை கொடுத்து, தேர்ந்தெடுத்து உடுத்தும் துணியாகிறது. தானம் என்ற பெயரில் குவியலோடு குவியலாகப் போவதைவிட இது சில சமயம் மரியாதையான வழி. நகரங்களில் சுவரில் ஆணியடித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று துணி மாட்டும் ஏற்பாட்டைவிடவும் இதை நான் நம்புகிறேன். தினமும் பார்த்துப் பராமரிக்க ஆள் இல்லாத சுவர், முதல் மழையிலேயே குப்பைமேடாகிவிடும்.

வீட்டு வேலைக்கு வருகிறவருக்குக் கொடுப்பது பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பழைய சேலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது தீபாவளிக்குத் தரவேண்டிய பணத்துக்கோ புதுத்துணிக்கோ ஈடாகாது. பண்டிகைக்குரியதைத் தனியே கொடுத்துவிட்டு, வேறொரு நாளில், "இதெல்லாம் வைத்திருக்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாததை வைத்துவிடுங்கள்" என்று அவர் முன் விரித்து வைத்தால், எடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்பமாகிறது. கையில் திணித்த மூட்டையை அவரால் மறுக்க முடியாது. வீட்டுக்குத் தூக்கிப்போய் என்ன செய்வதென்று திகைப்பார். தமிழ்நாட்டில் 1983 முதல் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை கொடுக்கப்பட்டு வருவதால், சேலையே இல்லாத வீடு அரிது. அவர் தேடுவது கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஒரு நல்ல சுடிதாராக இருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.

மே மாதத் தவணை சீருடைக்கானது. அரசுப் பள்ளிகளில் சத்துணவு உண்ணும் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை கொடுக்கிறது. திணறுவது தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பங்கள். ஒரு பிள்ளைக்கு விளையாட்டு உடை, காலணி எல்லாம் சேர்ந்து பெரிய செலவு. உங்கள் பிள்ளை படிக்கும் அதே பள்ளியில், இரண்டு வகுப்பு கீழே இருக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் மே மாதத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ஜூனில் கேட்டால் அவர்கள் வாங்கி முடித்திருப்பார்கள்.

மறைந்தவர்களின் உடைகளை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குப் புரட்டாசியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. வீட்டார் மனம் ஒப்பும்போது எடுத்தால் போதும். சிலர் அத்தகைய துணியை வாங்கத் தயங்குவார்கள் என்பதால், கொடுக்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, உங்கள் அம்மாவின் பட்டுப் புடவைகள். உடுத்தப்போகிறவற்றை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, வெளுத்த பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே வெடித்துக் கிழியும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். செண்ட் அடிக்காதீர்கள், அந்துருண்டையை மேலே வைக்காதீர்கள், ஜரிகை கருத்துவிடும். இழை விட்டுப்போன பட்டைத் தானமாகக் கொடுப்பதில் பயனில்லை, ஏனென்றால் வாங்குகிறவரால் அதை உடுத்த முடியாது. உண்மையான ஜரிகை வெள்ளி இழையால் ஆனது என்பதால் பழைய பட்டை எடைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தெருவில் கூவி வருகிறவர் சொல்லும் முதல் விலைக்கு ஒப்புக்கொள்ளாமல், புடவையை வாங்கிய கடையின் ரசீது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, பழைய பட்டு வாங்கும் இரண்டு கடைகளில் ஜரிகையைச் சோதிக்கச் சொல்லி விலை கேளுங்கள். ஜரிகை போலியாக இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்போது முந்தானையையும் கரையையும் வெட்டியெடுத்துப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்துக்கொள்ளலாம். உண்மையான ஜரிகைக்குக் கிடைக்கிற பணத்தில், நீங்கள் கட்டி வைத்திருக்கும் சேலைகளுக்கு வேண்டிய உட்பாவாடைகளை வாங்கி, மூட்டை போகும் முன் மடிப்புக்குள் வைத்துவிடுங்கள்.